அரைப்படித் தவிடு

“இன்னிக்கி மார்கழி எத்தினி?” என்று முருகையன் மூன்றாவது தடவையாகக் கேட்டபோது, சுந்தரவல்லி அவர் முதுகுக்குப் பின்னால் சுருட்டிய கம்பளியைச் செருகிக்கொண்டிருந்தாள். படுத்தால் மூச்சு வாங்கியது. நாலு நாளாக மாமனாருக்கு உட்கார்ந்தபடிதான் தூக்கம்.

“பதிமூணு மாமா.”

“இருமுடி கட்றது?”

“இருவத்தஞ்சுன்னு ரகுபதி சாமி சொல்லிகீறாரு.”

“பன்னண்டு நாளு.” அவர் கண்ணை மூடிக்கொண்டார். “அப்பறம் மல ஏறி எறங்கி வர ஒரு பத்து நாளுன்னு வெச்சிக்க. தாங்காது வல்லி.”

தாங்கும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரமாகியிருந்தது. டாக்டர் அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று ராயப்பேட்டையில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

சாவுக்குப் பயந்து நாள் எண்ணுகிற ஆள் இல்லை முருகையன். ட்ராம் ஓடின காலத்தில் கண்டக்டராக இருந்தவர். ட்ராம் நின்ற பிறகு ஒரு ஜவுளிக் கடையில் வாட்ச்மேன். சாமி, பூதம், நல்ல நேரம், கெட்ட நேரம் எதற்கும் அவரிடம் மரியாதை கிடையாது. பூனை குறுக்கே வந்தால் நின்று அதற்கு வழிவிட்டு, “பாவம், அதுக்கு இன்னா அவசரமோ” என்பார். மேடை ஏறிப் பேசுகிற நாத்திகரும் இல்லை, சிரித்துவிட்டுப் போகிற வகை. அப்படிப்பட்டவர் இப்போது தேதி கேட்டுக்கொண்டிருந்தது மகன் கழுத்தில் கிடந்த மாலைக்காக.

மகன் பெயர் பக்கிரி. சிந்தாதிரிப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் கட்டிங் மெஷின் வேலை. போன வருஷம் சர்க்காரே சாராயக் கடை திறந்துவிட்டது. அதற்கு முன்னும் குடித்தவன்தான். கடை வந்த பிறகு ஒளித்துக் குடிக்கிற சிரமம்கூட இல்லாமல் போயிற்று. இந்த ஐப்பசியில் இடது கைச் சுண்டுவிரல் மெஷினுக்குப் போனது. அடுத்தது கையே போகும், அது என் மெஷினில் போக வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். வல்லி வாங்கிய அடிகளை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் தேவையில்லை, சந்து அவ்வளவு குறுகல்.

அப்போதுதான் சந்து மூலையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கும் ரகுபதி, சபரிமலைக்கு மாலை போடச் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன் அவரும் தள்ளாடிக்கொண்டு திரிந்தவர். மாலை போட்டு மலை ஏறிவிட்டு வந்தபின் தொட்டதில்லை. இப்போது பதினெட்டுப் பேரைக் கூட்டிப்போகிற குருசாமி. “போட்டா மட்டும் பத்தாதும்மா. ஏறி எறங்கணும். ஏறி எறங்கினவன் திரும்பத் தொட்டத நான் பாத்ததில்ல” என்றார்.

வல்லிக்குச் சபரிமலை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. சாமி விஷயத்தில் அவள் மாமனார் கட்சி. மூன்று முறை வயிற்றில் தங்காமல் போன பிறகு அந்தக் கட்சிக்கு வந்து சேர்ந்தவள். ஆனாலும் அன்றைக்கு அவரிடம்தான் வந்து கேட்டாள்.

“நம்பிக்கை இல்லாம மாலை போட வெச்சா தப்பா மாமா?”

“மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்றாங்க. மாடு நம்பியா மாட்டிக்குது? மாட்டி வுடு.”

கார்த்திகை ஒன்றாம் தேதி மயிலாப்பூரில் ஒரு பிள்ளையார் கோயிலில் மாட்டிவிட்டார்கள். கறுப்பு வேட்டி, விடியுமுன் குளியல், வெறுங்கால், தாடி. புருஷனை அவள் ‘சாமி’ என்று கூப்பிட வேண்டியதாயிற்று. முதல் இரண்டு நாள் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. இன்றோடு நாற்பத்து மூன்று நாள், ஒரு நாள்கூட அவன் சட்டையை அவள் மோந்து பார்க்கவில்லை. சாயங்காலம் வாசலில் அவன் வருகிற சத்தம் கேட்டால் எழுந்து உள்பக்கம் ஒதுங்குவது நின்றுபோயிருந்தது. இதில் சாமிக்கு எவ்வளவு பங்கு என்று அவள் ஆராயப் போகவில்லை. கிடைத்த நிம்மதியைக் குலுக்கிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

“நான் செத்தா அவன் மாலைய கழட்டணும். ஒரு வருசம் மல ஏறக் கூடாது. அதானே சட்டம்?” என்றார் முருகையன்.

“இப்ப எதுக்கு மாமா அந்தப் பேச்சு?”

“சட்டம்னு ஒண்ணு இருந்தா அதுல பூந்து போவ ஒரு வழி இருக்கும். ட்ராம்ல எத்தினி பேரைப் பாத்துகீறேன்.” இருமி முடிக்கும்வரை காத்திருந்தார். “அவனுக்கு ஏன் பக்கிரின்னு பேரு, தெரியுமா?”

பாதி தெரியும். பெயர் வைத்தது நாலு வீடு தள்ளியிருக்கிற அமீனா பீ. மீதியை அவர் சொன்னார், நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி. பக்கிரிக்கு முன்னால் பிறந்த மூன்றும் மாதம் திரும்புமுன் போய்விட்டன. நாலாவதாக இவன் பிறந்ததும் அவருடைய மனைவி பயந்துபோய், அந்தக் காலத்து வழக்கப்படி குழந்தையைத் தவிட்டுக்கு விற்றுவிட்டாள். இது எங்கள் பிள்ளை இல்லை, வேறு ஒருத்தி பிள்ளை என்று ஆகிவிட்டால், பிள்ளைகளைத் தூக்கிப்போகிற அந்த ஏதோ ஒன்று ஏமாந்து திரும்பிவிடும் என்று கணக்கு. வாங்கியவள் அமீனா பீ. விலை அரைப்படித் தவிடு.

“அஞ்சு வயசுல திருப்பி வாங்கணும்னு சொன்னா. நான் சிரிச்சேன். அவளும் வுட்டுட்டா. ஆக வித்தது வித்ததுதான். அவன் என் புள்ள இல்ல. என் சாவு அவனுக்குத் தீட்டு இல்ல. அமீனா பீய இட்டுகினு போயி ரகுபதியாண்ட சொல்லு.”

வல்லி அவரையே பார்த்தாள். “இத்த நீங்க நம்பறீங்களா?”

“நானா?” சிரிப்பாகத் தொடங்கியது இருமலாக முடிந்தது. “அவங்க நம்புவாங்க இல்ல. அது போதும்.”

“அப்ப கொள்ளி யாரு வெப்பாங்க?”

“எவனாவது வெப்பான். வெக்காம வுட்டா நாறும்னு வெப்பான்.”

இந்த மனிதரிடம் கோபித்துக்கொள்வதா, காலில் விழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கம்பளியை இன்னொரு முறை சரிசெய்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர், “கொழாயில தண்ணி வந்துச்சா?” என்றார். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு பொதுக் குழாய்க்குப் போனாள். முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். குடம் நிறைந்து இடுப்பில் தூக்கி வந்து வைத்தபோது அவர் தலை சுவர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து மார்பில் கை வைத்தாள். மூக்குக்கு நேரே விரலை வைத்தாள். பிறகு வாயை மூடிவிட்டாள், கண்ணையும்.

தொண்டைக்கு ஏறிய சத்தத்தை முந்தானையை வாயில் திணித்து நிறுத்தினாள். ஒரு குரல் கொடுத்தால் போதும், சந்தே கூடிவிடும். யாராவது அச்சகத்துக்கு ஓடுவார்கள், ரகுபதி வந்து மாலையைக் கழற்றுவார், எல்லாம் அரை மணியில் முடிந்துவிடும். பதினொரு வருஷமாக அவளுக்கும் அடிக்கும் நடுவில் வந்து நின்ற ஆள் இவர். நோஞ்சான் உடம்போடு குறுக்கே வந்து, “இந்தா, என்னை அடி, எனக்குப் பொழுது போவல” என்பார். பெற்ற அப்பன் போனபோதுகூட அவளுக்கு இப்படி வலிக்கவில்லை. அழக்கூட முடியாமல் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை பண்ண வேண்டியிருக்கிறதே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் யோசித்தாள். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

அமீனா பீ வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வல்லியின் முகத்தைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

“பூட்டாரா?”

வல்லி தலையசைத்தாள். கிழவி வாய்க்குள் ஏதோ ஓதிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். வல்லி கையைப் பிடித்து உட்காரவைத்தாள். “யாருக்கும் இன்னும் சொல்லல பீயம்மா. அதுக்கு முன்ன உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

கேட்டாள். முருகையன் சொன்னதை அப்படியே சொன்னாள். அமீனா பீ சிரிக்கவில்லை.

“வாங்கினேன். இதே வாசப்படில. அவங்கம்மா பச்ச ஒடம்புக்காரி, மூணாம் நாளு. கொயந்தய என் மடில போட்டா, தவுட்ட முந்தானைல முடிஞ்சிகினா, திரும்பிப் பாக்காம போனா. பாக்கக் கூடாதில்ல, அவ புள்ள இல்லியே. மூணு நாளு இந்தப் பக்கமே வரல. எனக்கு அப்ப கலீமுல்லா கைக்கொயந்த, இவனுக்கும் என் பாலத்தான் குடுத்தேன். அங்க அவளுக்குப் பால் கட்டிகினு, மார் வீங்கி காச்சலு. போய்த் தூக்கிகினு வாடின்னு உன் மாமனாரு கத்தினாரு. ஊஹூம். நாலாம் நாளு வந்து நிக்கிறா. ‘பீயம்மா, உங்க புள்ளைக்கு நான் பால் குடுக்கட்டுமா’ன்னு கேக்கிறா.”

“அப்ப அவர் உங்க புள்ளதானே?”

“எங்க சட்டத்துல பால் குடிச்சவன் புள்ளதான். உங்க சட்டத்துல தவுடு குடுத்தவளுக்குப் புள்ள.” கிழவி முறத்தைக் காலால் ஓரம் தள்ளினாள். “நான் மவுத்தானா அவன் மாலைய கழட்டுவானாம்மா?”

வல்லி கீழே சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

“நீ இத்த நம்பறியா?”

“இல்ல. ஆனா இதால அவர் குடிக்காம இருப்பாரு.”

“அவங்கம்மா மெய்யாவே நம்பினா,” என்றாள் அமீனா பீ. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். “வரேன் வா. நடந்தத்தானே சொல்லப் போறேன், பொய் இல்லியே.”

பக்கிரிக்குச் சொல்லக் கிழவியின் மகன் கலீமுல்லா சைக்கிளில் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனான். இனி அழலாம் என்று ஆனபோது வல்லிக்கு அழுகை வரவில்லை. வந்து கூடிய பெண்கள்தான் அழுதார்கள். அவள் நடுவில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முருகையனின் தங்கை தங்கம் வந்து கட்டிக்கொண்டு, “அழுதுடு வல்லி, நெஞ்சு அடைச்சிக்கும்” என்றாள்.

பக்கிரி வந்துவிட்டான் என்று சொன்னார்கள். ஆனால் வீட்டுக்கு வரவில்லை. மாலையோடு சாவு வீட்டில் நுழையக் கூடாது. சந்து மூலையில் சைக்கிள் கடை முன்னால் நின்றான். தாடியில் காகிதத் தூள் ஒட்டியிருந்தது. ரகுபதி ஒரு செம்பில் தண்ணீரும் தோளில் புதுத் துண்டுமாக, மாலையைக் கழற்றத் தயாராக இருந்தார்.

“சாமி, கொஞ்சம் நில்லுங்க,” என்று வல்லி ஓடினாள். அமீனா பீ மெதுவாகப் பின்னால் வந்தாள். என்னவோ ஏதோ என்று தங்கமும் வந்தாள்.

வல்லி சொன்னாள். அமீனா பீ ஆமாம் என்றாள். ரகுபதி செம்பைக் கல்லாப் பலகைமேல் வைத்துவிட்டுத் தாடியைச் சொறிந்தார். அவர் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது வல்லிக்குத் தைரியமாக இருந்தது.

“எனக்கு இப்பிடி ஒரு கேஸு வந்ததில்ல,” என்றார். “தத்து போன புள்ளைக்குப் பெத்தவன் தீட்டு கொறச்சலுன்னு சொல்லுவாங்க. வித்த புள்ளைக்கு இல்லியேன்னு கேட்டா, தப்புன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா ஒண்ணும்மா. மாலை இருந்தா உள்ள வரக் கூடாது. மொகம் பாக்கக் கூடாது. கொள்ளி வெக்கக் கூடாது. புள்ள இல்லன்னா இல்லதான். அங்க புள்ள, இங்க புள்ள இல்லன்னு ரெண்டும் ஆவாது.”

“அண்ணனுக்கு ஒத்தப் புள்ள,” என்றாள் தங்கம். “எவன் சாவோன்னு மூலைல நின்னு பாப்பானா? உனக்கு நெஞ்சுல ஈரம் கீதா வல்லி?”

“ஈரம் கீது அத்த. ஒடம்புலதான் எடம் இல்ல, இன்னும் அடி வாங்கறதுக்கு.”

பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். தங்கம் வேறு பக்கம் பார்த்தாள். ரகுபதி செம்பைப் பார்த்தார். பக்கிரி மட்டும் தலையைக் குனியாமல் அவளையே பார்த்தான்.

“நைனாவா சொல்லிச்சி, இந்தத் தவுட்டுக் கதை?”

“ஆமா. காலைல.”

“சொல்லும்.” அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போயிற்று. “அது சொல்லும்.” பிறகு, “நீ நம்பறியா?” என்றான். அமீனா பீயும் அவளை இதையேதான் கேட்டிருந்தாள்.

“நீங்க குடிக்காம இருந்தா எனக்குப் போதும்.”

“அதான்.” அவன் மாலையைக் கையில் பிடித்துக்கொண்டான். “நாப்பத்தி மூணு நாளா அந்தக் கடை வழியாத்தான் வந்துகினு கீறேன். வாசனை வரும். கால் தானா திரும்பும். அப்ப இத்தப் புடிச்சிக்குவேன். யாரோ என்னைப் பாக்கற மாதிரி இருக்கும். யாருன்னு எனக்குத் தெரியாது வல்லி, சத்தியமாத் தெரியாது. ஆனா பாக்கும். இப்ப தவுட்டக் காட்டி அத்த ஏமாத்திட்டு வெச்சிகினா, நாளைக்கு நான் புடிக்கறப்ப யாரு பாப்பாங்க? நீ பாப்பே. ரகுபதி சாமி பாப்பாரு. நீங்கள்லாம் பாத்துகினு இருந்தப்பதானே குடிச்சேன்?”

அவன் சொன்னது அவளுக்குப் புரிந்தது, அதுதான் வேதனையாக இருந்தது. புரியாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருப்பாள். இவனுக்கு உள்ளே இப்படி ஒன்று இருந்ததே அவளுக்குத் தெரியாது. மாட்டிவிட்டது அவள்தான். இறுகியது எப்போது என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

“கழட்டுங்க சாமி,” என்றான் ரகுபதியிடம்.

ரகுபதி தாழ்ந்த குரலில் சரணம் சொல்லிக் கழற்றினார், துண்டில் சுற்றி வைத்துக்கொண்டார். பக்கிரி செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். அமீனா பீ எட்டி அவன் ஈரத் தலையைத் தொட்டுவிட்டு, தன் வீட்டுப் பக்கம் நடந்தாள். நனைந்த வேட்டியோடு அவன் வீட்டைப் பார்த்து ஓடினான். அவனை இனி என்னவென்று கூப்பிடுவது என்று வல்லிக்குத் தெரியவில்லை. உள்ளே அவன் தன் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, நைனா நைனா என்று அழுகிற சத்தம் சந்து மூலைவரை கேட்டது. அப்போதுதான் அவளுக்கும் அழுகை வந்தது. யார் வீட்டுச் சுவர் என்று பார்க்காமல் சாய்ந்துகொண்டு அழுதாள்.

மூன்று மணிக்குப் பாடை கட்டினார்கள். வாசலில் சங்கு ஊத வந்த பெரியவர் ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வல்லி யாரும் பார்க்காதபோது அவரிடம் போனாள்.

“ஐயா, கொள்ளி வெச்சவங்க பதினாறு நாளும் சுத்தமா இருக்கணும் இல்ல? சாராயம் கீராயம் தொடக் கூடாது இல்ல?”

அவர் அவளை இரக்கமாகப் பார்த்தார். “யாரும்மா சொன்னது? சுடுகாட்டுலருந்து திரும்பறப்ப மொத ஊத்தே அவங்களுக்குத்தான். துக்கத்த எதால முழுங்கறது?”

அந்த வழியும் அடைபட்டது. மேளம் அடிக்கிறவர்களிடமிருந்து அந்த வாசனை ஏற்கனவே வந்துகொண்டிருந்தது. கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டுக்குப் போகிற வழியில் இரண்டு கடை இருப்பது அவளுக்குத் தெரியும். பாடை தூக்கிக்கொண்டு போனார்கள். தீச்சட்டியோடு முன்னால் போன பக்கிரி திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். வல்லி கம்பளியை உதறி வெயிலில் போட்டாள், குடத்துத் தண்ணீரைக் கீழே கொட்டினாள், போய் வேறு தண்ணீர் பிடித்து வந்தாள்.

பொழுது சாயும்போது ஆண்கள் திரும்பினார்கள். பக்கிரி தாடியும் மீசையும் எடுத்திருந்தான். நாற்பத்து மூன்று நாளாக அவள் மறந்திருந்த பழைய முகம் வந்து நின்றது. கால் கழுவத் தண்ணீர் ஊற்றும்போது குனிந்து மூச்சை இழுத்தாள். புகை வாசனைதான். வேறு இல்லை. கூட வந்தவர்களில் இரண்டு பேரின் கண் சிவந்திருந்தது. வற்புறுத்தியிருப்பார்கள், இவன் வேண்டாம் என்றிருப்பான். இன்றைக்கு வேண்டாம் என்றிருப்பான். நாளைக்கு?

தங்கம் வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்தது. அதை வைத்துவிட்டுத் தங்கமும் இருட்டுமுன் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். முருகையன் சாய்ந்திருந்த சுவரோரம் விளக்கு எரிந்தது. இருவர் மட்டும் இருந்தார்கள். பக்கிரியின் கை இரண்டு மூன்று தடவை கழுத்துக்குப் போய், ஒன்றும் கிடைக்காமல் கீழே வந்தது. வல்லி அதைப் பார்க்காத மாதிரி இருந்தாள்.

ஏழு மணி வாக்கில் அவன் எழுந்தான். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாகப் பொத்தானை மாட்டினான்.

“எங்க?”

“சும்மா. மூலை வரிக்கும்.”

வழியில் போய் நிற்கலாம். நின்றால் தள்ளிவிட்டுப் போவான். அவளுக்கு அது பழக்கம்தான். நடுவில் வந்து நிற்க இனி ஆளில்லை. அவனுக்குத் தெரிந்த எந்தக் கயிறும் அவனைக் கட்டாது என்று மத்தியானமே சொல்லிவிட்டான். அவனுக்குத் தெரியாத ஒரு கயிற்றை அவள் ஒருத்தியாகத்தான் கட்ட வேண்டும். கட்டிய பிறகு, கட்டியதே தெரியாத மாதிரி காலம் பூராவும் இருக்க வேண்டும்.

“மாமா கடைசியா ஒண்ணு சொன்னாரு,” என்றாள்.

“தவுட்டுக் கதைதானே.”

“அதுக்கு அப்பறம்.”

அதற்கு அப்புறம் அவர் கேட்டது குழாயில் தண்ணீர் வந்ததா என்று.

“மாலை இருந்தாலும் இல்லாட்டியும் என் புள்ள இனிமே தொட மாட்டான்னு, என் கைல அடிச்சி சத்தியம் பண்ணாரு. உங்க சார்பா. பண்ணிட்டுத்தான் போனாரு.”

பக்கிரி கதவருகில் நின்றான். “நைனாவா? சத்தியமா?”

“ஆமா.”

“எந்த சாமி மேல?”

அதை அவள் யோசித்து வைக்கவில்லை. அறுபத்தெட்டு வருஷத்தில் அந்த மனுஷன் பேச்சுக்குக்கூட ஒரு சாமியின் பெயரைச் சொன்னதில்லை. விளக்கு எரிகிற இடத்தைப் பார்த்தாள். மூன்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்த ஆள், தவிட்டுக்கு விற்ற நாலாவதைத் திருப்பி வாங்கச் சொன்னபோது சிரித்த ஆள்.

“சாமி மேல இல்ல,” என்றாள். “உங்க மேல. உங்க தல மேல.”

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“எந்தக் கைல?” என்றான்.

அவள் வலது கையை நீட்டினாள். அவன் பக்கத்தில் வந்து, விளக்கு வெளிச்சம் படுகிற மாதிரி அதைத் திருப்பிப் பார்த்தான். காலையில் குடம் தூக்கிய கை, வீடு கழுவிய கை. உள்ளங்கை ஊறிச் சுருங்கியிருந்தது. அவள் விரல்களை விரித்தே வைத்திருந்தாள். அவன் நம்பினானா, நம்பாமல் பார்த்தானா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாடி இல்லாத முகத்தை அவளுக்குப் படிக்கத் தெரிந்திருந்த காலம் போய்விட்டது.

கையை விட்டான். “சோறு போடு,” என்றான்.

அவள் தட்டு வைத்தாள். அவன் சட்டையைக் கழற்றவில்லை. கழுத்துவரை பொத்தான் மாட்டிய சட்டையோடு உட்கார்ந்து பிசைந்தான். தட்டு காலியாகுமுன் அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்து ரசம் ஊற்றினாள். அவன் போதும் என்று கையைக் குறுக்கே வைக்கவில்லை. மெதுவாகச் சாப்பிட்டான். அவள் இன்னொரு கரண்டி வைத்தாள்.